ரிலே சுருளின் ஸ்பைக்கிலிருந்து மைக்ரோகண்ட்ரோலரைக் காத்தல்: படிப்படியான முழு வழிகாட்டி

ரிலேயை (சுருளின் காந்தத்தால் இயங்கும் சுவிட்சை) அணைக்கும் கணத்தில் மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆவது, திரையில் குப்பை எழுத்துகள் தோன்றுவது, சில நாள்களில் ஒரு பின் செத்துப்போவது ஆகிய மூன்றும் புதிதாகச் செய்பவர்கள் அடிக்கடி கொண்டுவரும் புகார்கள். பெரும்பாலும் சுருளுக்குக் குறுக்கே இருக்க வேண்டிய டையோடே (மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பாகம்) இல்லாமல் இருக்கும். அல்லது இருந்தும் தவறான இடத்தில் இருக்கும். இந்த வழிகாட்டி 5, 12, 24 வோல்ட் நேர்மின்னோட்டச் சுருள் கொண்ட சிறிய ரிலேகளுக்கானது. படிகளின் வரிசையை மாற்றாமல் செய்வது முக்கியம், ஏனெனில் இங்கே மைக்ரோகண்ட்ரோலர் கிட்டத்தட்டக் கடைசியில்தான் சுற்றுக்குள் வருகிறது.

1. எதிலிருந்து காக்கிறோம்

சுருளில் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்க மறுக்கும். ரிலேயை இயக்கி அணைக்கும் டிரான்சிஸ்டர் வழியை அடைத்தவுடன், அதுவரை காந்தப்புலத்தில் சேர்ந்திருந்த ஆற்றல் அதே திசையில் மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ள முயல்கிறது. போக வழியில்லாததால் சுருளின் கீழ்முனை, அதாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரோடு (மின்னோட்டம் அதற்குள் நுழையும் காலோடு) சேர்ந்த முனை, மின்வழங்கலின் அளவைத் தாண்டி மேலே எகிறுகிறது. ஸ்பைக் என்று நாம் சொல்வது இதைத்தான்.

அளவை உணர ஒரு கணக்கு: சுருளின் தூண்டல் 100 மில்லிஹென்றி என்றும், அதில் ஓடிய 71 மில்லிஆம்பியர் ஒரு மைக்ரோவினாடியில் நிற்க முயல்கிறது என்றும் வைத்துக்கொண்டால், கணக்கில் வருவது 7,100 வோல்ட். நடைமுறையில் அவ்வளவு வராது; அதற்கு வெகு முன்பே டிரான்சிஸ்டர் உடைந்து கடத்தத் தொடங்கிவிடும் என்பதுதான் காரணம், ஆகவே இதில் ஆறுதல் கொள்ள ஒன்றுமில்லை. ஆற்றல் என்னவோ கால் மில்லிஜூல் அளவுதான். மெல்ல ஓடித் தீர அதற்கு ஒரு பாதையைக் கொடுப்பதே டையோடின் வேலை.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ரிலே, அதன் தரவுத்தாள், 1என்4007 அல்லது 1என்4148 டையோடு, பிசி337 போன்ற ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர், 470 ஓம் முதல் 1 கிலோஓம் வரையிலான சில மின்தடையங்கள், ஒரு 10 கிலோஓம் மின்தடையம், 100 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி, 100 முதல் 470 மைக்ரோஃபாரட் வரையிலான எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, டையோடு சோதனை வசதியுள்ள மல்டிமீட்டர். மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மின்வழங்கி இருந்தால், ஒரு தவறு ஒரு பாகத்தைக் கொல்வதற்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கை எரியவிடுவதோடு நின்றுவிடும்.

வீட்டு மின்சாரத்தை இந்தக் கட்டத்தில் மேசைக்கே கொண்டுவர வேண்டாம். ரிலேயின் தொடர்புமுனைகளில் எதையும் இணைக்காமலேயே ஒன்பதாம் படிவரை செய்துவிடலாம்.

3. சுருளின் பின்களைக் கண்டறிந்து அளத்தல்

ரிலேயைத் தனியாகக் கையில் வைத்துக்கொண்டு, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, பின்களை இரண்டிரண்டாக அளக்கவும். பத்துகள் முதல் ஆயிரங்கள் வரையிலான ஓம் காட்டும் ஒரே இணை சுருள். ஏறத்தாழ பூஜ்ஜியம் காட்டும் இணை மூடிய தொடர்பு. பரவலாகக் கிடைக்கும் நீலநிறக் கனசதுர ரிலேயின் 5 வோல்ட் வகையில் சுருள் சுமார் 70 ஓம் காட்டும்.

அந்த நீல ரிலேயில் ஒரு பொறி உண்டு. ஒரு பக்கத்தில் வரிசையாக இருக்கும் மூன்று பின்களில் இரண்டு ஓரங்களும் சுருள். நடுவில் இருப்பது பொதுத்தொடர்பு, அதாவது பின்னாளில் வீட்டு மின்சாரம் வரக்கூடிய பின். அடுத்தடுத்த இரண்டு பின்கள்தானே சுருளாக இருக்கும் என்று ஊகித்து டையோடை ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே வைத்த பலகைகளை நான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். ஆகவே ஊகிக்காமல் அளக்க வேண்டும்.

அளந்த ஓமால் சுருளின் மின்னழுத்தத்தை வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்: 5 வோல்ட், 70 ஓம் எனில் 71 மில்லிஆம்பியர், 12 வோல்ட், 400 ஓம் எனில் 30 மில்லிஆம்பியர். இந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளவும், அடுத்து வரும் தேர்வுகளெல்லாம் இதையே நம்பியிருக்கின்றன. மைக்ரோகண்ட்ரோலரின் பின்னில் ரிலேயை ஏன் நேரடியாக இணைக்கக் கூடாது என்பதற்கும் இதுவே விடை. ஏடிமெகா328பி என்ற மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு பின் தாங்கும் உச்ச வரம்பே 40 மில்லிஆம்பியர்தான். அதுவும் வேலை செய்வதற்கான அளவல்ல, மீறக்கூடாத அளவு.

சில ரிலேகளில் டையோடு உள்ளேயே இருக்கும். சுருள் பின்களின் அருகே கூட்டல், கழித்தல் குறிகள் இருந்தால் தரவுத்தாளைப் பார்க்காமல் மேலே செல்லக்கூடாது. அத்தகைய சுருளைத் திருப்பி இணைத்தால் உள்ளிருக்கும் டையோடு மின்வழங்கலைக் குறுக்கிவிடும் (ஷார்ட் சர்க்யூட் ஆக்கிவிடும்).

4. டையோடைத் தேர்ந்தெடுத்து, இணைக்கும் முன்பே சோதித்தல்

அணைக்கும் கணத்தில் டையோடு வழியே தொடங்கும் மின்னோட்டம், சுருளில் அதுவரை ஓடிய அதே மின்னோட்டம்தான். அதைவிட ஒரு துளியும் கூடுதலாக வராது. "ஸ்பைக் ஆயிரக்கணக்கான வோல்ட், ஆகவே பெரிய டையோடு வேண்டும்" என்ற பயம் இங்கேயே தீர்ந்துவிடுகிறது, ஏனெனில் டையோடு கடத்தத் தொடங்கிவிட்டால் அந்த ஆயிரம் வோல்ட் பிறப்பதே இல்லை. பின்னோக்கு மின்னழுத்தமாக அது தாங்க வேண்டியது மின்வழங்கலின் அளவை மட்டும், சற்று இடைவெளியோடு.

1 ஆம்பியர், 1,000 வோல்ட் தாங்கும் 1என்4007 சிறிய ரிலேகளுக்குத் தாராளம். 50 வோல்ட் தாங்கும் 1என்4001-கூடப் போதும். இந்த வரிசை டையோடுகள் மெதுவானவை என்பது உண்மையானாலும், அந்த மெத்தனம் கடத்துவதை நிறுத்தும்போது வெளிப்படுவதே தவிர, கடத்தத் தொடங்கும்போது அல்ல; வினாடிக்கு ஓரிரு முறை இயங்கும் ரிலேக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சுருளை பிடபிள்யூஎம் முறையில் (வேகமாக இயக்கி அணைத்து) குறைந்த மின்னோட்டத்தில் பிடித்து வைப்பவர்கள் மட்டும் 1என்4148, யூஎஃப்4007 அல்லது 1என்5819 ஷாட்கி போன்ற வேகமானவற்றை நாட வேண்டும்.

டையோடைச் சோதிப்பது இந்தப் படியிலேயே நடக்க வேண்டும், பிறகு முடியாது. தனியாக இருக்கும் சிலிக்கான் டையோடு ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் வரை காட்டும், மறு திசையில் எதையும் காட்டாது. அதே டையோடு 70 ஓம் சுருளுக்கு இணையாக அமர்ந்துவிட்டால், மீட்டர் அனுப்பும் ஒரு மில்லிஆம்பியர் அளவு மின்னோட்டம் முழுக்கச் சுருள் வழியே போய்விட, இரு திசைகளிலும் 0.07 வோல்ட் போன்ற ஓர் எண்ணே தெரியும். அதைப் பார்த்து "டையோடு குறுகிவிட்டது" என்று நல்ல டையோடைப் பிடுங்கி எறிபவர்களும் உண்டு, செத்த டையோடை நல்லதென்று நம்புபவர்களும் உண்டு.

கண்ணாடி உடல் கொண்ட 1என்4148-உம் ஜீனர் டையோடுகளும் (குறிப்பிட்ட மின்னழுத்தத்தைத் தாண்டினால் எதிர்த்திசையிலும் கடத்துபவை) பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும். பெட்டியில் கலந்து கிடந்தால் உருப்பெருக்கியில் எழுத்தைப் படித்துவிட்டே எடுக்கவும். 3.3 வோல்ட் ஜீனர் ஒன்று 5 வோல்ட் சுருளின் மேல் போய் உட்கார்ந்தால், ரிலேயை இயக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து கடத்தும்.

5. டையோடைச் சுருளின் மீதே பற்றவைத்தல்

டையோடின் உடலில் கோடு போட்டிருக்கும் முனை கேத்தோடு. அது சுருளின் நேர்மின் முனையோடு சேர வேண்டும். கோடில்லாத ஆனோடு, டிரான்சிஸ்டரின் கலெக்டர் வரும் முனையோடு சேர வேண்டும். ரிலே இயங்கும்போது இந்த டையோடு எதிர்த்திசையில் சும்மா இருக்கும். அணைக்கும்போது மட்டும் சுருள்–டையோடு–சுருள் என்ற சிறிய வளையத்துக்குள் மின்னோட்டம் சுழன்று, சுருளின் மின்தடையில் வெப்பமாகித் தீரும்.

இந்தப் படியில்தான் தவறுகள் அதிகம் என்பதால் சற்று நின்று பார்ப்போம்.

முதல் தவறு, திருப்பி வைப்பது. திருப்பிய டையோடு, டிரான்சிஸ்டர் திறந்தவுடன் மின்வழங்கலை நேரடியாகக் கிரவுண்டுக்குக் குறுக்கும். ரிலே ஒலிக்காது, மைக்ரோகண்ட்ரோலர் அணைந்து எழும், டிரான்சிஸ்டர் விரலைச் சுடும். அறிகுறி ஸ்பைக்கைப் போலவே தோன்றினாலும், ரீசெட் அணைக்கும்போது அல்ல, இயக்கும்போதே நிகழும் என்பது வேறுபாடு.

இரண்டாவது தவறு, டையோடைச் சுருளுக்குக் குறுக்கே வைக்காமல் டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் (மின்னோட்டம் வெளியேறும் கால்) இடையே வைப்பது. கேத்தோடு கலெக்டரில் இருக்கும் அந்த நிலையில், மேல்நோக்கி எகிறும் ஸ்பைக்குக்கு அந்த டையோடு மூடிய கதவுதான். சுற்று ஒழுங்காக இயங்குவதுபோல் தோன்றுவதால், இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆகலாம்.

மூன்றாவது தவறு, தூரம். ரிலே ஒரு பெட்டியிலும் டிரான்சிஸ்டர் அரை மீட்டர் தள்ளி வேறொரு பலகையிலும் இருக்க, டையோடை டிரான்சிஸ்டரின் பக்கம் வைத்தால் அந்த அரை மீட்டர் கம்பிகளும் வளையத்தின் பகுதியாகிவிடும்; அணைக்கும் மின்னோட்டம் முழு நீளத்துக்கும் சுழன்று, அருகில் செல்லும் சமிக்ஞைக் கம்பிகளில் இரைச்சலைத் தூண்டும். ஆகவே டையோடின் கால்களை மடித்து ரிலேயின் சுருள் பின்களிலேயே பற்றவைக்க வேண்டும். பிரெட்போர்டில் செய்பவர்களும் இதை மட்டுமாவது சால்டர் செய்துவிடுவது நல்லது. ரிலேயின் தடித்த பின்கள் பிரெட்போர்டில் உறுதியாக நிற்பதில்லை, தொடர்பு விட்டுவிட்டு வரும் ஒரு டையோடு இல்லாத டையோடுக்குச் சமம். பற்றவைப்பதற்கு முன், மேலிருந்து பார்த்தால் கோடு தெரியும்படி உடலைத் திருப்பி வைக்கவும். ரிலேயின் அடியில் மறைந்த கோட்டைப் பின்னர் யாராலும் சரிபார்க்க முடியாது.

6. டிரான்சிஸ்டரும் பேஸ் மின்தடையமும்

ஸ்பைக் முதலில் தாக்குவது டிரான்சிஸ்டரைத்தான். அது உடைந்து கலெக்டரும் பேஸும் (டிரான்சிஸ்டரைக் கட்டுப்படுத்தும் கால்) ஒன்றோடொன்று குறுகினால், ரிலேயின் மின்வழங்கலுக்கும் மைக்ரோகண்ட்ரோலர் பின்னுக்கும் நடுவே மிஞ்சுவது பேஸ் மின்தடையம் ஒன்றே. "மின்தடையம் இல்லாமலும் வேலை செய்கிறதே" என்று அதை விட்டுவிடுபவர்கள் அந்தக் கடைசி வேலியையும் பிடுங்கிவிடுகிறார்கள்.

டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறக்க, கலெக்டர் மின்னோட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் பதினைந்தில் ஒரு பங்கு வரை பேஸுக்குக் கொடுக்கலாம். 71 மில்லிஆம்பியருக்கு சுமார் 5 மில்லிஆம்பியர் என வைத்தால், 5 வோல்ட் பின்னுக்கு 820 ஓம், 3.3 வோல்ட் பின்னுக்கு 470 ஓம் பொருந்தும். தரவுத்தாளில் பெருக்கம் 200 என்று எழுதியிருப்பதை நம்பி 10 கிலோஓம் வைத்தால் டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறக்கும், ரிலே சில நேரம் இழுக்கும், சில நேரம் இழுக்காது.

பிசி547-இன் வரம்பு 100 மில்லிஆம்பியர் என்பதால் 71-க்கு நெருக்கம். 800 மில்லிஆம்பியர் தாங்கும் பிசி337 நிம்மதியானது. கால்களின் வரிசையைப் பாகத்துக்குப் பாகம் சரிபார்க்க வேண்டும்: பிஎன்2222-உம் பி2என்2222ஏ-உம் ஒரே உருவத்தில் இருந்தாலும் எமிட்டரும் கலெக்டரும் இடம் மாறியிருக்கும்.

பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 10 கிலோஓம் ஒன்றையும் வைக்கவும். மின்சாரம் வந்து நிரல் ஓடத் தொடங்கும்வரை பின்கள் எங்கும் சேராமல் மிதந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் ரிலே தானாக ஒலிக்காமல் இது பார்த்துக்கொள்ளும்.

யூஎல்என்2003ஏ (பல டிரான்சிஸ்டர்கள் அடங்கிய ஐசி) பயன்படுத்துபவர்களுக்குத் தனி டையோடு வேண்டியதில்லை, உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த டையோடுகளின் கேத்தோடுகள் சேரும் 9-ஆம் பின் ரிலேயின் நேர்மின் வழங்கலோடு இணைக்கப்பட்டால்தான் அவை வேலை செய்யும். எதற்கென்று புரியாமல் காலியாக விடப்படும் பின் இதுவே. மேலும் அந்த ஐசி சுமார் ஒரு வோல்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் என்பதால், 5 வோல்ட் ரிலேக்குக் கிடைப்பது 4 வோல்ட்தான். பொதுவாக இத்தகைய ரிலேகள் இழுக்க 3.75 வோல்ட் வேண்டும் என்பதை நினைத்தால், வழங்கல் சற்றுத் தளர்ந்தாலே தகராறு.

7. கிரவுண்டும் மின்வழங்கலும்

சுருளின் மின்னோட்டம் மைக்ரோகண்ட்ரோலரின் கிரவுண்ட் கம்பி வழியாகத் திரும்பக் கூடாது. டிரான்சிஸ்டரின் எமிட்டரிலிருந்து மின்வழங்கியின் எதிர்முனைக்குத் தனிக் கம்பி, மைக்ரோகண்ட்ரோலரிலிருந்து அதே முனைக்கு வேறொரு கம்பி என இரண்டும் அங்கே மட்டும் சந்திக்க வேண்டும். ஒரே மெல்லிய கம்பியைப் பகிர்ந்தால், ரிலே மாறும் ஒவ்வொரு முறையும் மைக்ரோகண்ட்ரோலரின் பூஜ்ஜியமே ஆடும்.

எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி ரிலேயின் வழங்கல் அருகிலும், 100 நானோஃபாரட் மைக்ரோகண்ட்ரோலரின் மின்வழங்கல் பின்களை ஒட்டியும் இருக்க வேண்டும். இடம் மாறினால் இரண்டுக்கும் பாதிப் பயன்தான்.

ஆப்டோகப்ளர் (சமிக்ஞையைக் கம்பியின்றி ஒளியால் கடத்தும் பாகம்) பொருத்திய ஆயத்த ரிலே பலகைகளில் ஜேடி-விசிசி என்று எழுதிய இடத்தில் ஒரு ஜம்பர் இருக்கும். அதைக் கழற்றாமல் ஒரே 5 வோல்ட்டிலிருந்து எல்லாவற்றையும் ஓட்டினால், ஒளிவழித் தனிமைப்படுத்தல் பெயரளவில்தான் இருக்கிறது. ஜம்பரைக் கழற்றி, ரிலேக்கு வேறு வழங்கல் கொடுத்து, இரண்டின் கிரவுண்டையும் இணைக்காமல் விடும்போதே அது உண்மையாகிறது.

8. மைக்ரோகண்ட்ரோலர் இல்லாமல் ஒரு சோதனை

மின்வழங்கியில் வரம்பை 150 மில்லிஆம்பியருக்கு வைத்து, பேஸ் மின்தடையத்தின் வெறும் முனையை ஒரு கம்பியால் 5 வோல்ட்டில் தொட்டு எடுக்கவும். தொடும்போது ஒரு "டிக்", எடுக்கும்போது சற்று மெல்லிய இன்னொரு "டிக்" கேட்க வேண்டும். தொட்டதும் வரம்பு விளக்கு எரிந்தால் டையோடு திரும்பியிருக்கிறது, உடனே நிறுத்தவும்.

ரிலே இழுத்திருக்கும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் பேஸுக்குப் போதிய மின்னோட்டம் போகவில்லை.

ஸ்பைக்கைப் பார்க்க மல்டிமீட்டர் உதவாது, அது அவ்வளவு வேகமாகப் பார்ப்பதில்லை. ஆசிலோஸ்கோப் இருந்தால் புரோபைப் பத்து மடங்கு நிலையில் வைத்து, கலெக்டரில் பிடித்து, அலை ஏறும் விளிம்பில் திரை நிற்கும்படி (டிரிகர்) அமைக்கவும். சரியாக அமைந்த டையோடோடு அலை 5.7 வோல்ட் வரை ஏறி, சில மில்லிவினாடிகள் ஒரு திண்ணையைப்போல் தட்டையாக நின்று, பிறகு 5-க்கு இறங்கும். அந்தத் தட்டைப் பகுதி இல்லாமல் கூர்மையாக ஓர் ஊசி எழுந்தால் டையோடு சுற்றில் இல்லை என்றே பொருள், கண்ணுக்கு எப்படித் தெரிந்தாலும் சரி.

9. மைக்ரோகண்ட்ரோலரை இணைத்தல்

இருபது முப்பது முறை தொட்டு எடுத்தும் எல்லாம் ஒழுங்காக இருந்தால், பேஸ் மின்தடையத்தின் முனையை இப்போது மைக்ரோகண்ட்ரோலர் பின்னோடு சேர்க்கலாம். முதல் நிரல், ரிலேயை ஒரு வினாடிக்கு ஒருமுறை மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் எண்ணைக் கூட்டித் தொடர்வழியில் (சீரியல் இணைப்பில்) அச்சிடுவதாக மட்டும் இருக்கட்டும். எண் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கினால் ரீசெட் நடந்துவிட்டது என்று தெரியும். அரைமணி நேரம் விடவும். தொடர்புமுனைகளில் இன்னும் எதுவும் வேண்டாம்.

10. சாதாரண டையோடு பொருந்தாத இடங்கள்

டையோடு, சுருளின் மின்னோட்டம் மெதுவாகத் தேயும்படி செய்கிறது. அதன் விலையாக ரிலே விடுபடுவதும் தாமதமாகிறது. சிறு சுமைகளுக்கு இது கவலையில்லை. கனமான நேர்மின்னோட்டச் சுமையை வெட்டும் இடத்தில், தொடர்புமுனைகள் தயங்கிப் பிரிவதால் தீப்பொறி நீண்டு முனைகள் தேயும். அங்கே டையோடோடு ஒரு ஜீனரைத் தொடராகச் சேர்க்கலாம்: இரண்டின் ஆனோடுகளும் ஒன்றோடொன்று சேர, டையோடின் கோடு நேர்மின் பக்கமும் ஜீனரின் கோடு கலெக்டர் பக்கமும் இருக்கும். 12 வோல்ட் வழங்கலும் 24 வோல்ட் ஜீனரும் என்றால் கலெக்டர் 36.7 வோல்ட் வரை ஏறும். 45 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டருக்கு அது பத்திரமானது. இந்தக் கூட்டலைச் செய்து பார்க்காமல் ஜீனர் வைக்கவே கூடாது.

மாறுமின்னோட்டச் சுருளுக்குக் குறுக்கே டையோடு வைத்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் ஓர் அரைச்சுழற்சியில் அது குறுக்கிணைப்பாகிவிடும். அங்கே மின்தடையமும் மின்தேக்கியும் தொடராகச் சேர்ந்த ஸ்நப்பர், அல்லது வேரிஸ்டர் (மின்னழுத்தம் எகிறும்போது மட்டும் கடத்தும் பாகம்) வேண்டும்.

11. சுமையை இணைத்தபின் ரீசெட் தொடர்ந்தால்

இரண்டாவது டையோடைச் சேர்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, ரீசெட் எப்போது நிகழ்கிறது என்று முதலில் கவனிக்கவும். ரிலே இழுக்கும் கணத்தில் என்றால் பெரும்பாலும் அது ஸ்பைக் அல்ல, மின்வழங்கல் தளர்வு. மைக்ரோகண்ட்ரோலர் பலகையில் உள்ள சிறிய ரெகுலேட்டரிலிருந்தே ரிலேக்கும் மின்சாரம் எடுத்திருப்பார்கள். ஈஎஸ்பி32 போன்றவை இந்நிலையில் மின்னழுத்தம் தாழ்ந்ததால் ரீசெட் ஆனதாகத் தொடர்வழியிலேயே அறிவித்துவிடும்.

விடும் கணத்தில் என்றால், சுமையின் கம்பிகளைக் கழற்றிவிட்டு அதே நிரலை ஓட்டிப் பார்க்கவும். ரீசெட் நின்றுவிட்டால் சுருளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மோட்டார், சோலினாய்டு, கான்டாக்டர் போன்ற சுமையே தன் சொந்த ஸ்பைக்கைத் தொடர்புமுனைகளில் தீப்பொறியாக விடுகிறது. என்னிடம் வந்த பலகைகளில் டையோடு சரியாக இருந்தும் தொல்லை கொடுத்தவற்றில் பாதிக்கு மேல் இந்த வகை.

நேர்மின்னோட்டச் சுமை எனில் அதற்கும் குறுக்கே ஒரு டையோடு, அந்தச் சுமையின் மின்னோட்டத்தைத் தாங்கும் அளவில். மாறுமின்னோட்டம் எனில் 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் ஸ்நப்பர். மின்தேக்கி எக்ஸ்2 (வீட்டு மின்சாரத்துக்குக் குறுக்கே வைப்பதற்கு உரிய) வகையாகவும், மின்தடையம் அந்த மின்னழுத்தத்துக்கு உரியதாகவும் இருக்க வேண்டும், எல்லா வேலையும் மின்சாரத்தை முற்றாகத் துண்டித்த பிறகே. சுமைக் கம்பிகளைச் சமிக்ஞைக் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் விலக்கி, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விடவும்.

ஸ்நப்பரைத் தொடர்புமுனைகளுக்குக் குறுக்கே வைத்தால், அவை பிரிந்திருக்கும்போதும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் சுமார் 7 மில்லிஆம்பியர் அதன் வழியே கசியும். சிறிய எல்இடி விளக்குகள் அந்தக் கசிவிலேயே மங்கலாக ஒளிரும். அப்படி நேர்ந்தால் ஸ்நப்பரை அங்கிருந்து எடுத்து, தொல்லை தரும் சுமையின் இரு முனைகளுக்குக் குறுக்கே மாற்றிவிடவும்.